இடது பக்கம் திரும்பும்போது மட்டும்

இது நிஜமாவே நடந்தது. நம்பாதவங்க சிரிச்சுட்டுப் போகலாம், எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது. நடந்தது என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு. பேய்ப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனா பாதியிலேயே குறட்டை விடுற மனுஷன். அவரே என்கிட்ட சொன்னது இது.

தங்கச்சிக்கு அப்போ ஒன்பதாம் மாசம். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்காமப் போச்சு. "வலின்னு தோணினதுமே கிளம்பிடுங்க, இந்தத் தடவை யோசிச்சுட்டு இருக்காதீங்க"ன்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியோ மலைக்குக் கீழே. வளைஞ்சு வளைஞ்சு ஒரு மணி நேரத்துக்கு மேல இறங்கணும். அதுக்காகவே மாப்பிள்ளை ஒரு பழைய காரை வாங்கினார்.

வாங்கின மறுநாளே சத்தம். இடது பக்கம் திரும்பினா மட்டும் டக்... டக்... டக். நேரா போனா இல்ல, வலது பக்கம் திரும்பினாலும் இல்ல. பாதி மலையில வண்டி நின்னா என்ன பண்றதுன்னு மாப்பிள்ளை நேரா பட்டறைக்கு ஓட்டிட்டுப் போனார்.

மெக்கானிக் அண்ணன் அனுபவஸ்தர். "இடது பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் வலது சக்கரத்துல விழும். அப்போ சத்தம் வந்தா அந்தச் சக்கரத்தைச் சுத்த வைக்கிற ஆக்சில் ஜாயின்ட் போச்சுன்னு அர்த்தம்"னார். சொன்ன மாதிரியே ரப்பர் உறை கிழிஞ்சு, கிரீஸ் மொத்தமும் சக்கரத்தோட உள்பக்கம் தெறிச்சுக் கிடந்தது. கழட்டிப் பார்த்தா உள்ளே இரும்புக் குண்டு ஓடுற தடம் பூரா குழி குழியா தேய்ஞ்சிருந்தது. புது ஜாயின்ட் போட்டு, கிரீஸ் அடைச்சு, புது உறை மாட்டினார்.

மதியம் ரெண்டு பேரும் காலி மைதானத்துல ஓட்டிப் பார்த்தாங்க. மாப்பிள்ளை ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசா ஒடிச்சு வட்டம் போட, அண்ணன் பின்சீட்டுல உட்கார்ந்து கேட்டுட்டு வந்தார். முதல் வட்டத்துல சத்தமே இல்ல. மாப்பிள்ளைக்கு உயிர் வந்துச்சு.

ரெண்டாவது வட்டம்.

ச்சு...

"நிறுத்துங்க"ன்னார் அண்ணன்.

"இன்னும் சரியாகலையாண்ணே?"

"அது சரியாயிடுச்சு. இது வேற. கிரீஸ் இல்லாத இரும்பு காஞ்ச சத்தம் போடும். இது... ஈரமா இருக்கு."

"எங்கேர்ந்து வருது?"

அண்ணன் குனிஞ்சு கீழே பார்க்கல. தன் இடது பக்கம் காலியா இருந்த சீட்டைப் பார்த்தார். அப்புறம் கதவைத் திறந்து இறங்கி, நடந்தே பட்டறைக்குப் போயிட்டார். கூலி வாங்கக்கூட நிக்கல.

மூணு மணிக்கு போன். "ஏங்க... வந்துடுங்க"ன்னு தங்கச்சி அழுதா.

வேற வண்டி தேட நேரமில்ல. அவளைப் பின்சீட்டுல படுக்க வெச்சார். தலை இடது ஓரத்துல. பட்டப்பகல். மலை இறங்க ஆரம்பிச்சாங்க.

முதல் இடது வளைவு.

ச்சு... ச்சு...

இப்போ அவருக்கே புரிஞ்சது. அடுத்தவங்க கஷ்டத்தைப் பார்த்தா 'பாவம்'னு நாக்கால உச்சு கொட்டுவோமே... அந்தச் சத்தம்.

தங்கச்சி கண்ணை மூடிட்டே கேட்டா. "ஏங்க... அத்தை எப்போ வந்தாங்க?"

அவர் அம்மா இருக்கிறது வேற ஊர்ல.

"யாரும் வரலம்மா."

"மடியில படுக்க வெச்சிருக்காங்களே... கை ஏன் இவ்ளோ சில்லுனு இருக்கு?"

கண்ணாடியில பார்த்தார். அவ மட்டும்தான். ஆனா தலை சீட்டுல படல. ஒரு சாண் மேல... அப்படியே நின்னுச்சு.

அடுத்த வளைவு.

ச்சு...

எதுக்கு இந்தப் பரிதாபம்? இந்தப் பிள்ளையும் தங்காதுன்னா?

"பாவம்னு சொல்லாதீங்க"ன்னு கெஞ்சினார். "யாரா இருந்தாலும் சரி... கையெடுத்துக் கும்பிடுறேன்... என் பிள்ளை பொழைக்கும்."

ச்சு... ச்சு... ச்சு...

ஆஸ்பத்திரி வாசல். கடைசி இடது திருப்பம்.

சத்தம் இல்ல.

தங்கச்சி தலை பொத்துனு சீட்டுல விழுந்துச்சு.

"இறங்கிட்டாங்க"ன்னா.

பிள்ளை பொழைச்சது. பொண்ணு. மாப்பிள்ளை வராண்டாவிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஒரு வாரம் கழிச்சு காரோட பழைய சொந்தக்காரருக்கு போன் போட்டார். இடது பக்கம் திரும்பினா ஒரு சத்தம் வருதேன்னு மட்டும்தான் கேட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் ஆரம்பத்திலேர்ந்து சொன்னார்.

"என் மனைவியைப் பிரசவத்துக்கு அதே ரோட்டுலதாங்க கூட்டிட்டுப் போனேன். அம்மா பின்னாடி இடது ஓரம் உட்கார்ந்து அவளை மடியில போட்டுக்கிட்டாங்க. இடது பக்கம் திரும்பினா அவ தலை சரியும். அம்மா பிடிச்சுக்கிட்டு உச்சு கொட்டுவாங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சு. அவளும் பிள்ளையும் பொழைச்சுட்டாங்க. கதவைத் திறந்தா அம்மா அசையல. உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னு டாக்டர் சொன்னார்... வீட்டை விட்டுக் கிளம்பினதுமே போயிருக்கு."

மாப்பிள்ளை போனை வைக்கப் போனார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?"ன்னு அந்த மனுஷன் தயங்கினார். "அம்மா... நல்லா இருக்காங்களா?"