மச்சினன் பணத்தில் டிவிடெண்டு

போன வாரம் மன்னார்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். கல்யாணத்துக்கு இல்லை. ஒரு பப்ளிக் லிமிடெட் கம்பெனியின் பங்குதாரர் ஆண்டுக் கூட்டத்துக்கு. முதல் நாள் முகூர்த்தத்தின் தோரணம் மேடையில் அப்படியே தொங்கியது. 'மணமக்கள் வாழ்க' போர்டுக்குக் கீழே சேர்மன் உட்கார்ந்திருந்தார்.

என்னை இழுத்துப் போனவர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடி வீட்டு கோவிந்தராஜன். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் சொல்லித்தான் நானும் பத்து ஷேர் வாங்கினேன். இப்போது கம்பெனி பழைய பங்குதாரர்களுக்கே புது ஷேர் விற்கிறது. அதில் நாலு லட்சம் போடத் துடித்தார். ரிடையர்மென்ட் பணத்தில் மிச்சம் இருப்பதே அவ்வளவுதான்.

"லாபத்துல பங்குன்னு வருஷம் தவறாம டிவிடெண்டு தர்றாங்க சார். வேற என்ன வேணும்?"

"எந்தப் பணத்துல தர்றாங்க?"

கூட்டத்துக்கு முந்தின நாள் இருவரும் ஆண்டறிக்கையைப் பிரித்தோம். அட்டையில் சூரிய உதயம்... உள்ளே சேர்மனின் சிரிப்பு... எல்லாவற்றையும் தாண்டி, பின்பக்கத்தில் ஒளிந்திருந்தது ரொக்கக் கணக்கு. மூன்று தலைப்பு. முதலாவது, வியாபாரத்தில் வந்த ரொக்கம். அடுத்தது, மிஷின், நிலம் வாங்கி விற்றது. மூன்றாவது - பைனான்சிங். கடன் வாங்கினாலும் புது ஷேர் விற்றாலும் இங்கே பணம் உள்ளே வரும். கடனை அடைத்தாலும் டிவிடெண்டு கொடுத்தாலும் வெளியே போகும்.

முதல் தலைப்பில் இரண்டு வருஷமாக மைனஸ். சரக்கு விற்றதாக லாபம் எழுதியாகிவிட்டது. வாங்கியவர்கள்தான் பணம் தரவில்லை! சரி, கடன் வாங்குவது குற்றமா? இல்லவே இல்லை. வாங்கிப் புது மிஷின் போட்டிருந்தால் இரண்டாவது தலைப்பில் தெரிந்திருக்கும். அங்கே காற்று வாங்கியது. மூன்றாவதில் மட்டும் கடன் கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. டிவிடெண்டு போனது அதிலிருந்துதான்.

"பென்ஷன் வரலைன்னு வைங்க. மச்சினன்கிட்ட கைமாத்து வாங்கி வீட்டம்மாவுக்குப் பட்டுப்புடவை எடுக்கறீங்க. அதான் இது" என்றேன்.

"புடவை நல்லா இருக்குமே சார்" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். "சரி, சேர்மன்கிட்டயே கேட்டுட்டுப் போடறேன்" என்று சமாதானத்துக்கு வந்தார்.

கோவிந்தராஜனுக்கு மைக் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. காரணம், வாசலில் கொடுத்த டிபன் பாக்ஸ். "போன வருஷம் பாதுஷா குடுத்தீங்க. இப்ப வெறும் மிக்சர். பங்குதாரர்னா கிள்ளுக்கீரையா?" என்று ஒருவர் கொதித்தார். மண்ணச்சநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த இன்னொருவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அடுத்த வருஷம் பாதுஷா உண்டு என்று சேர்மன் உறுதி கொடுத்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கை தூக்கினேன்.

கடைசியில் கோவிந்தராஜன் மைக்கைப் பிடித்தார். "டிவிடெண்டு பணம் எங்கேருந்து வந்துச்சுங்க?"

சேர்மன் அசரவில்லை. "பேங்க் கடன்தாங்க."

கைதட்டல்! "பேங்கே நம்பிக் குடுக்குதுன்னா பாத்துக்கங்க!" என்றது பின்வரிசை.

"அந்தக் கடனை எப்படிங்க அடைப்பீங்க?"

"இப்ப நீங்க போடப்போற பணத்துல."

இன்னும் பலத்த கைதட்டல். ஒருவர் விசிலே அடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிக்சருக்கு வந்த கோபத்தில் கால்வாசியாவது இதற்கு வரவேண்டாமா? பாக்ஸைத் திறந்து பார்க்கத் தெரிந்த நமக்கு, அறிக்கையைத் திறந்து பார்க்க ஏன் கை வருவதில்லை?

திரும்பும் பஸ் காவிரிப் பாலம் ஏறியதும் கோவிந்தராஜன் என் பக்கம் திரும்பினார். மெதுவாகக் கேட்டார்.

"அந்த மச்சினன் நான்தானா சார்? என் காசுலயே எனக்குப் புடவையா?"

அப்பாடா! நாலு லட்சம் தப்பித்தது. அந்தத் தெம்பில், "பழைய ஷேரையும் வித்துடுங்களேன்" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அதெப்படிங்க? பாதுஷா தீர்மானம் பாஸாயிருக்கே!"

என் பத்து ஷேரும் பத்திரமாகத்தான் இருக்கிறது.