எல்லாமே இடது கை

அன்று காலை இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். திண்டுக்கல்லில் நான் அறிவியல் டீச்சராக இருந்த மெட்ரிக் பள்ளி, இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று போர்டை மாற்றி, புதுப் பாடத்திட்டத்தில் பிள்ளைகளையும் சேர்த்துவிட்டது. வெளிநாட்டு வாரியத்தின் அங்கீகாரம்தான் வரவில்லை. அதற்கு அன்றைக்குத்தான் இன்ஸ்பெக்‌ஷன். கிடைக்காவிட்டால் என் ஒன்பதாம் வகுப்புக்கு எழுதப் பரீட்சையே இருக்காது. பிள்ளைகளின் படிப்பு மண்ணாய்ப் போகும்.

மெட்ரிக்கில் நான் நோட்ஸ் கொடுப்பேன், அவர்கள் உருப்போடுவார்கள். இந்தப் பாடத்திட்டமோ, பிள்ளையே யோசிக்க வேண்டும் என்றது. எங்களுக்கே அது பழக்கமில்லை. பிரின்சிபால் பழைய வித்தையையே கையில் எடுத்தார்.

"கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவுக வலது கை, தெரியாதவுக இடது கை. டீச்சர் வலது கையாப் பாத்து எழுப்புவாக. என்னலே, புரிஞ்சுச்சா?"

சென்னையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இரும்புப் பூட்டு ஏன் துருப்பிடிக்கிறது என்று கேட்டேன். வலது கைகளை எழுப்பினேன். ஒத்திகை பார்த்த பதில் பிசகாமல் வந்தது.

திடீரென்று அந்த அம்மா எழுந்தார். "உப்புத் தண்ணியில போட்டா இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்குமா?"

பழக்கதோஷம், அத்தனை கையும் மேலே போனது. எல்லாமே இடது கை. அவர் ஸ்டெல்லாவைக் காட்டினார். பூட்டுப் பட்டறைக்காரர் மகள்.

"தெரியாது மிஸ்."

தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"ஆனா பாத்துரலாம் மிஸ். எங்க பட்டறையில பழைய பூட்டு அம்புட்டு கெடக்கு. ஒண்ணை உப்புத் தண்ணியில போடுவோம், ஒண்ணை நல்ல தண்ணியில."

"ரெண்டும் ஒரே மாதிரிப் பூட்டா இருக்கணுமா?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

அதற்கு யாரும் கை தூக்கவில்லை. வகுப்பே ஆளுக்கொரு பக்கம் கத்தியது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடக்கவும் தைரியமில்லை.

அங்கீகாரம் வந்தது. தெரியாது என்று சொன்ன பிறகுதான் பாடம் ஆரம்பிக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது ஓய்வு பெறும் வயது. இனிப் பரீட்சை கம்ப்யூட்டரில், திருத்துவதும் மெஷின் என்று பேச்சு அடிபடுகிறது. போன வாரம் ஆன்லைனில் பயிற்சி கொடுத்தார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார் பயிற்சியாளர். திரை முழுக்கக் கைகள். கிழவியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். ஆனாலும் மைக்கைத் திறந்தேன்.

"எனக்குப் புரியல சார்."

பிறகு, தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.