மதினி மிதித்த ரசம்

என் அண்ணன் சிவராமலிங்கம் சங்கரன்கோவிலில் ஒயின் போட்டான் என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள். ரயிலில் வந்த திராட்சைக் கூடைகளை ஸ்டேஷனிலிருந்து வீடுவரை சுமந்தவன் நான். என் தோளைக் கேட்டால் சொல்லும். ஆனால் இது அவன் கதை இல்லை, என் மதினி பிரம்மநாயகியின் கதை.

கல்யாணமான கையோடு அண்ணன் பெங்களூருக்குப் போய்விட்டான். யுத்தத்தில் பிடிபட்ட இத்தாலிக்காரர்களை அங்கே ஒரு முகாமில் அடைத்திருந்தார்கள். அதில் ஸ்டோர் குமாஸ்தா வேலை. யுத்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் ஒரு ஹோட்டலில் ஒட்டிக்கொண்டான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருவான், தபசு முடிந்ததும் கிளம்பிவிடுவான். மதினி அழமாட்டாள். எங்களைத்தான் திட்டுவாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பே இருக்காது.

நாற்பத்தொன்பதில் வந்தவன் ஒரு யோசனையோடு வந்தான். முகாமில் லூயிஜி என்ற கைதி அவனுக்குச் சிவப்பு ஒயின் போடக் கற்றுக்கொடுத்திருந்தான். இத்தாலியில் குடும்பம் குடும்பமாகச் செய்கிற வேலையாம். இங்கேயோ மதுவிலக்கு வந்துவிட்டது. மாதா கோயில் பூசையில் வைக்கிற ஒயினுக்கு மட்டும் விலக்கு உண்டு. பக்கத்து ஊர்ப் பங்குச் சாமியாரைப் பிடித்து, சர்க்காரிடம் லைசென்சும் வாங்கிவிட்டான். சாமியார் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: திராட்சையைத் தவிர வேறெதுவும் சேரக்கூடாது.

“சாமியார் ஏத்துக்கிட்டா இங்கனயே இருந்துருதேன். இல்லேன்னா திரும்பவும் பெங்களூருதான்,” என்றான் அண்ணன். அதனால் அவனுடைய டிரங்குப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. துணிமணியோடு கட்டிலுக்கடியில் கிடந்தது. வீடு பெருக்கும்போதெல்லாம் மதினி விளக்குமாற்றால் அதற்கு ஓர் அடி கொடுப்பாள்.

தெருவில் சும்மா இருப்பார்களா? எதிர்வீட்டுப் பிச்சம்மாள் வந்து மதினியிடம், “ஏட்டி, சைவ வீட்டுல சாராயம் காய்ச்சுதியளாமே?” என்று கேட்டாள்.

“சாராயமில்லட்டி, ரசம். திராட்சை ரசம்.”

“பருப்பு போடுவியளோ?”

“தட்டெடுத்துட்டு வா, ஊத்துதேன்,” என்றாள் மதினி.

கூடைகள் வந்து இறங்கின. உரலில் இடித்தால் விதை நொறுங்கிக் கசந்துவிடும். காலால்தான் மிதிக்க வேண்டும் என்று லூயிஜி சொல்லியிருந்தான். அண்ணனுக்கோ இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. நான் வேட்டியை மடித்துக்கட்டினேன். மதினி என் காலைப் பார்த்த பார்வையிலேயே வேட்டியை இறக்கிவிட்டேன். நெல்லில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு எங்களுடையது. மதினி கொஞ்ச நேரம் அந்தப் பழங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டிலுக்கடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புறவாசலுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கால் ஈரமாக இருந்தது. ஒரு பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். முந்தானையைச் செருகிக்கொண்டு மரத்தொட்டியில் ஏறினாள். அப்புறம் என்ன, பேய்மிதி! பெங்களூரையே மிதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முதல் தொட்டி முடிந்து இரண்டாவதில் ஏறும்போது முழங்கால்வரை கருஞ்சிவப்பு. சக்கையோடு சில நாள் நுரைத்துப் பொங்கியதை வடிகட்டி, தொட்டிக்கு ஒரு சாடியாக ஊற்றி, வாயைக் கட்டி இருட்டறையில் வைத்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சாமியார் வந்தார். அண்ணன் முதல் சாடியைத் திறந்து ஒரு கிளாசில் ஊற்றிக் கொடுத்தான். அவர் முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். புருவத்தைச் சுருக்கினார்.

“பிள்ளை, இதுல என்ன சேத்தீரு?”

“ஒண்ணுமே சேக்கல சாமி! கோமதியம்மன் சத்தியமா!”

மாதா கோயில் சாமியாரிடம் கோமதியம்மன்மேல் சத்தியம்! எனக்குச் சிரிப்பு வந்தது.

“மஞ்சள் வாடை வருதே?” என்றார் அவர்.

சிரிப்பு போய்விட்டது. “ஏலே, உன் வேலையா?” என்று அண்ணன் என்மேல் பாய்ந்தான்.

“ஆமா, சாம்பார் வைக்கலாம்னு போட்டேன்! போரும் வே!” என்று நானும் கத்தினேன். எதற்கெடுத்தாலும் நான்தானா?

அடுக்களை நிலைப்படியில் நின்ற மதினி தன் காலைக் குனிந்து பார்த்தாள். வெளியாட்கள் முன்னால் வராதவள் நேரே சாமியார் முன்னால் வந்து நின்றாள்.

“நாந்தான் சாமி. மிதிக்கதுக்கு முன்னால காலுக்கு மஞ்சள் பூசுனேன். நல்ல காரியம் தொடங்கையில வெறுங்காலோடயா ஏறுவாக?”

சாமியாருக்குக் கோபம் வரவில்லை. “மரியாதையாத்தான் செஞ்சிருக்கீக அம்மா. ஆனா பூசைக்கு ஆகாதே,” என்றார். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மறுபடி பெங்களூருக்குப் போய்விடுவான் என்று நினைத்து, இவ்வளவு நேரம் சண்டை போட்ட நானே அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அது மொதத் தொட்டி சாமி,” என்றாள் மதினி. “ரெண்டாந் தொட்டியக் குடிச்சுப் பாருங்க. மொதத் தொட்டியிலயே காலக் கழுவியாச்சுல்லா!”

சாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் எழுந்து இரண்டாவது சாடியைத் திறந்தான். அவர் முகர்ந்தார், குடித்தார், கிளாசை மறுபடியும் நீட்டினார்.

“இது தேறும். வருஷா வருஷம் இதையே குடுங்க. மஞ்சள் மட்டும் வேண்டாம் தாயே.”

அவரை பஸ் ஏற்றிவிட்டு நானும் அண்ணனும் திரும்பினோம். அண்ணனின் சட்டை வேட்டியெல்லாம் கொடியில் தொங்கின. மதினி டிரங்குப் பெட்டியைக் கூடத்தில் இழுத்துப்போட்டு, வருஷத்துப் புளியை அதில் திணித்து அமுக்கிக்கொண்டிருந்தாள். இனி அந்தப் பெட்டியில் எவனாவது துணி வைக்க முடியுமா?

“ஏட்டி, புளி வைக்கப் பானை இல்லையா?” என்று பதறினான் அண்ணன்.

“இருக்கு,” என்றாள் மதினி.