பதினைந்தாவது லிட்டர்

புனேயில், வாகட் பகுதியில் ஒரு தமிழர் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார், அது லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுக்கிறது என்ற செய்தி, ராஸ்தா பேட்டில் காபிக்கொட்டை அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது என் காதில் விழுந்தது. அதே வாரம் மகர்பட்டாவில் விசாரித்தால் இருபத்திரண்டு என்றார்கள். கராடிக்குப் போய்ச் சேர்வதற்குள் இருபத்தைந்து ஆகியிருந்தது. புனே தமிழர்களிடம் கிழக்கே போகப் போக மைலேஜ் ஏறும் போலிருக்கிறது.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்துக் கோடை. பெட்ரோல் ஐம்பதைத் தாண்டிவிட்டிருந்தது. கல்யாண வீட்டில் சர்க்கரை அளவைச் சொல்லிக்கொள்கிற பெரியவர்கள்கூட மைலேஜைச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்த நேரம். நான் எழுதுகிற பத்திரிகையில் கடவுள் இல்லை என்று போட்டால்கூட இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். மைலேஜைத் தப்பாக எழுதினால் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அதனால் நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கார் உண்மைதான். சிவப்பு. இரண்டே சீட். துணிக்கூரை, வேண்டுமானால் மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒரு சாஃப்ட்வேர்க்காரர் கொண்டுவந்தது. அவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்துவிட்டதால் விற்றுவிட்டார். வாங்கியவர் வாசுதேவன்.

வாசுதேவன் கோயம்புத்தூர்க்காரர். தொண்ணூற்றொன்றில் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவுக்கு வந்தவர். யார் என்ன விலை சொன்னாலும் ‘கொஞ்சம் குறைங்க’ என்பதுதான் வேலை. ஆபீஸ் முடிந்தும் அந்த வேலை முடியாது. ஸ்கூட்டர் ஓட்டிய காலத்தில் இறக்கம் வந்தால் இன்ஜினை அணைப்பார். சிக்னல் வந்தால் அணைப்பார். பச்சை விழுவதற்கு முன்னால் உதைத்து, விழாவிட்டால் மறுபடி அணைப்பார். நிற்கிற வண்டி சும்மா பெட்ரோல் குடிக்கிறது என்ற நினைப்பு அவரை உட்காரவிடாது. கடைசியில் சிக்னலே வேண்டாமென்று இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி, அப்போது குடியிருந்த நிக்டியிலிருந்து ஆபீஸ் போக ஒரு வழி கண்டுபிடித்தார். அதில் தூரம் இரண்டு மடங்கு. ஆனால் எங்கேயும் நிற்க வேண்டியதில்லை. மனசுக்கு அதுதான் மைலேஜ்.

இப்படிப்பட்ட மனுஷர் ஏன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். காலேஜ் படிக்கும்போது பீளமேட்டில் ரேஸ் கார் கட்டுகிற ஒரு ஷெட்டுக்குள் நுழைந்து, ஒரு காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இன்ஜின் இன்னும் பொருத்தாத கார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம். அதன் மைலேஜைப் பற்றி அவருக்கு இன்றுவரை ஒரு புகாரும் இல்லை.

விருப்ப ஓய்வுப் பணம் வந்ததும் சிவப்புக் கார் வந்தது. மனைவி ருக்மிணி பொள்ளாச்சிக்காரர். சிஞ்ச்வட்டில் ஒரு வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. சத்தம் போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அவர்களிடம் முன்பு இருந்த பழைய மாருதி லிட்டருக்குப் பதினாலு கொடுத்தது. இதுவும் அதுக்குக் குறையாமல் கொடுத்தால் இருக்கட்டும். குறைந்தால் விற்றுவிட வேண்டும். வாங்குவதற்கு ஆள் தயார். கராடியில் தருண் என்று ஒரு பையன், வாரம் தவறாமல் போன் பண்ணி, ‘அங்கிள், மைலேஜ் எப்படி?’ என்று நலம் விசாரிப்பது போலவே விசாரித்துக்கொண்டிருந்தான்.

வாசுதேவன் சோதனை செய்து பதினெட்டு என்று அறிவித்தார். பெட்ரோல் பங்க் பில்லோடு. ருக்மிணியும் ஒத்துக்கொண்டார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் போய் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே, எந்த வழியில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டுவைத்தேன். மும்பை போகிற எக்ஸ்பிரஸ் வேயில் பன்வேல் வரை என்றார். இங்கே டேங்கை நிரப்பி, அங்கே போய் மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டாராம். வரும்போது எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன்.

வாசுதேவனின் வலது கால் ஆட ஆரம்பித்தது. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

புனே மலை மேலே இருக்கிற ஊர். பன்வேல் கீழே. போகும்போது கண்டாலா மலைப்பாதையில் கல்லை உருட்டிவிட்டாலும் நல்ல மைலேஜ் கொடுக்கும். பதினைந்து வருஷம் இந்த ஊரில் இருந்தும், பொருளுக்கு விலை கேட்டே பழகிய மனுஷருக்குப் போகிற கணக்கு தெரிந்தது, வருகிற கணக்கு தோன்றவில்லை. பொய் சொல்கிறவர் இல்லை. சந்தோஷம் வந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

ருக்மிணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க, எறக்கத்துல மட்டும் ஓட்டிப்போட்டு எங்கிட்டப் பதினெட்டுன்னு சொன்னீங்களா?”

வாசுதேவன் காபி டம்ளரின் அடியைப் பார்த்தார்.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. டேங்கைக் காலி பண்ண வேண்டும். பதினாலு லிட்டர் அளந்து ஊற்ற வேண்டும். பன்வேல் போய்த் திரும்பினால் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது லிட்டருக்குப் பதினாலு என்ற கணக்குக்குச் சரியாக இருக்கும். பதினாலு லிட்டரில் வண்டி வீட்டு வாசலுக்கு வந்தால் அவருக்கு. வழியில் நின்றால் தருணுக்கு. சாட்சியாக நான் போக வேண்டும். ருக்மிணி ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, “நான் ஏறுனா என்ர எடை மேல பழியப் போட்டுருவாருங்க” என்றார்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் வந்து ட்யூபில் பெட்ரோலை உறிஞ்சி எடுத்தார். ருக்மிணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அளந்து ஊற்றுவதைப் பார்த்தார். வாசுதேவன் காரிலிருந்து மிதியடியை எடுத்தார், ஸ்டெப்னியை எடுத்தார், ஜாக்கியை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அரிசி மூட்டையைப் பார்க்கிற பார்வை. என் பையை வீட்டிலேயே வைத்துவிடச் சொன்னார். செருப்பு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்துவிட்டேன்.

ஸ்போர்ட்ஸ் காரில் போவது எப்படி இருக்கும் என்று பலரும் கேட்கிறார்கள். இட்லிப் பானைக்குள் உட்கார்ந்து போவது போல் இருக்கும். கூரையைத் திறந்தால் காற்று இழுக்கும், மைலேஜ் போய்விடும் என்று கூரை மூடியிருந்தது. அதே காரணத்துக்காக ஜன்னலும். ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும். மே மாசம். எக்ஸ்பிரஸ் வேயில் ஐம்பத்தைந்தில் போனோம். தக்காளி ஏற்றிய லாரி எங்களைத் தாண்டிப் போனது. ஒரு டூரிஸ்ட் பஸ்ஸில் குழந்தைகள் கையாட்டின. வாசுதேவன் பாதிக் காலால் ஆக்ஸிலேட்டரைத் தொடுவதும் எடுப்பதும் தொடுவதுமாக இருந்தார். கண் பெட்ரோல் முள்ளிலும் எங்கேயோ தெரிகிற இறக்கத்திலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. பேச்சே இல்லை. பேசினால் நான் கூடுதலாக மூச்சை இழுப்பேன், அந்தக் காற்றின் எடையும் வண்டியில் ஏறும் என்று யோசித்திருப்பார்.

பன்வேலில் நிற்காமல் திருப்பினார். ஏற்றம் தொடங்கியது. இன்ஜின் முனகியது. அவர் முதுகு சீட்டில் படவே இல்லை, தானே தள்ளிக்கொண்டு ஏறுகிறவர் மாதிரி முன்னால் குனிந்திருந்தார். லோனாவ்லா தாண்டிச் சமதரை வந்தபோது முள் பார்க்கும்படியாகவே இருந்தது. இதே வேகத்தில் போனால் வீடு வந்துவிடும். கார் நிலைத்துவிடும். நாளைக்கும் ஐம்பத்தைந்து, அடுத்த வருஷமும் ஐம்பத்தைந்து.

அப்போதுதான் ஒரு வெள்ளைக் கார் பக்கத்தில் வந்து எங்கள் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டது. காலேஜ் பிள்ளைகள். ஒருவன் கண்ணாடியை இறக்கி, மிகுந்த மரியாதையுடன், “காகா, தக்கா தேவூ கா?” என்றான். மராத்தியில், பெரியவரே, தள்ளிவிடட்டுமா என்று அர்த்தம். சிரிப்பு அடங்குவதற்குள் போய்விட்டார்கள்.

வாசுதேவன் தளேகாவ் சுங்கச்சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு ஓரமாக நிறுத்தினார். கூரையின் கொக்கி இரண்டையும் கழற்றி மடித்துப் பின்னால் தள்ளினார். வெயில் மண்டையில் விழுந்தது. “சித்த கெட்டியாப் புடிச்சுக்கோங்க சார்” என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு முழுதாகத் தெரியாது. பெரும்பாலும் கண்ணை மூடியிருந்தேன். ஒரு முறை திறந்தபோது வெள்ளைக் கார் எங்களுக்குப் பின்னால் கடுகளவாய்ச் சிறுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை திறந்தபோது அவர் காலைப் பார்த்தேன். நிக்டி சிக்னலிலிருந்து அன்றைய மலை ஏற்றம் வரை துடித்துக்கொண்டே இருந்த வலது கால் அசையாமல் இருந்தது. அடி வரை அழுத்திவிட்டால் காலுக்கு வேறு வேலை இல்லை.

எக்ஸ்பிரஸ் வே முடிந்து, ராவேத் தாண்டி, வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

வாசுதேவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பீளமேட்டு ஷெட்டில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. பிறகு தமிழில் நாலு வார்த்தை சொன்னார். அச்சில் போட முடியாதவை. அவற்றைக் கேட்டுத்தான் ஒரு கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் பிரேக் போட்டது. ஓட்டிவந்தவர் செல்வமேரி. அவுந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், திருநெல்வேலிப் பக்கம், மதிய டூட்டிக்குப் போகிறார்.

“என்ன அண்ணாச்சி, பெட்ரோல் தீந்துட்டா?” என்றார். காரை ஒரு சுற்றுப் பார்த்தார். “இம்புட்டுப் பெரிய ஆட்டம் ஆடுற வண்டிக்கு என் ஸ்கூட்டர்லயிருந்து தரணுமாக்கும்.”

ஆனால் தந்தார். தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, ஸ்கூட்டரின் பெட்ரோல் ட்யூபைக் கழற்றி ஒரு லிட்டர் பிடித்துக் கொடுத்தார். வாசுதேவன் சட்டைப்பையில் கைவிட்டார்.

“துட்டு வாங்குறதுக்கு நான் என்ன பங்க்கா வச்சிருக்கேன்? வாங்கினத வாங்கினபடி பெட்ரோலாத் தாங்க. அந்த பாட்டில்லயே ரொப்பிக் குடுங்க” என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனார்.

மீதி இரண்டு கிலோமீட்டரும் வாசுதேவன் யோசித்துக்கொண்டே ஓட்டினார். கேட் தெரிந்தபோது சொன்னார்: “கடனா வாங்குனது நம்ம பெட்ரோல் ஆகாதுங்க சார். திருப்பிக் குடுக்கிற அன்னைக்குத்தான் அது நம்ம கணக்குல வருமுங்க.” கொள்முதல் பிரிவில் இருந்தவர். எனக்கும் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

ருக்மிணி கேட்டிலேயே நின்றிருந்தார். கணவரைக் கேட்கவில்லை. சாட்சியைக் கேட்டார். வழியில் எந்தப் பங்க்கிலாவது நின்றீர்களா என்று. இல்லை என்றேன். பதினாலுக்கு மேலே அவர் பெட்ரோல் எதுவும் ஊற்றினாரா என்று. அவருடைய பெட்ரோல் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை என்றேன். கடன் பிரிவு அதிகாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்கள் இருவரின் தலைமுடியையும், மடித்துக் கிடந்த கூரையையும் பார்த்தார்.

“சரிங்க. வண்டி இருக்கட்டும்” என்றார். அன்று சாயங்காலம் தருணுக்குப் போன் போட்டு, விற்பதாக இல்லை என்று அவரே சொல்லிவிட்டாராம்.

தீபாவளிக்கு முன்னால் ராஸ்தா பேட்டில் செல்வமேரியைப் பார்த்தேன். சிவப்புக் கார் அண்ணாச்சி என்ன ஆனார் என்று கேட்டார். மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தாராம். ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் கொடுத்து சர்வீஸ் பண்ணித் தந்தாராம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மிக்ஸிகூடத் தருவித்துக் கொடுத்துவிட்டாராம். “எல்லாம் தாராரு, பெட்ரோல மட்டும் தரமாட்டேங்காரு” என்றார். நான் வாசுதேவனிடம் போய்ச் சொன்னேன்.

“குடுத்துட்டாப் பதினஞ்சு லிட்டர் ஆயிருமுங்களே” என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டு.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ருக்மிணியும் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு அந்தக் காரில் போகிறார். பங்க்கில் டேங்க் நிரம்பியதும் கேட்கிறாராம்: “வேற யாருக்காச்சும் ஊத்த வேண்டியது இருக்குதுங்களா?” இல்லையே என்று சொல்லிவிட்டு வாசுதேவன் வேகமாகக் கிளப்புவார். திருப்பத்தில் டிக்கிக்குள் ஒரு காலி தண்ணீர் பாட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு உருளும்.