கைகட்டி வாங்கிய கூறைச்சேலை

என் அப்பாவைப் பெரிய வியாபாரப் புலி என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. பதுளையில் ஒரு புடவைக்கடைக்குள், ஒரே பின்னேரத்தில் வந்த நம்பிக்கை அது.

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்பதால் கூறைச்சேலை எங்கள் பொறுப்பு. பொண்ணு வீட்டாருக்கு ஊர் பெரகல பக்கம். கொஞ்சம் வாய் நீளம். கடைக்கு அம்மாதான் போயிருக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது சறுக்கி விழுந்து, கால் வீங்கி எங்கள் லயத்து வீட்டில் படுத்திருந்தார். "அரக்குச் சிவப்பு, பெரிய சரிகைக்கரை. மட்டமானதக் கொண்டாந்து அவங்க முன்னால என் மானத்த வாங்கிறாதீங்க" என்று அப்பாவை மிரட்டி, நிறம் பார்க்க என்னையும் கூட அனுப்பினார். அப்பாவுக்குச் சிவப்புக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்பாவிடம் ஒரு பழக்கம். இஸ்திரி போட்ட சட்டையோடு யார் எதிரே வந்தாலும் அவர் கைகள் தாமாகவே நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளும். கண் தரைக்குப் போய்விடும். காலையில் வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கும்போது தோட்டத்துத் துரை முன்னால் அப்படித்தான் நிற்பார். எங்கள் தோட்டத்து ஆண்கள் எல்லோருமே அப்படித்தான். மரியாதை என்றால் அதுதான்.

அன்று கடையில் முதலாளி இல்லை. கொழும்பில் ஏதோ வியாபாரப் படிப்பு முடித்து அப்போதுதான் வந்திருந்த அவர் மகன் இருந்தார். வாங்க வருகிறவர்கள் வாயால் சொல்லாததை அவர்கள் உடம்பு சொல்லிவிடும் என்று அங்கே கற்றுக்கொடுத்திருந்தார்களாம். போனில் அதைப் பற்றி வீடியோ வேறு பார்ப்பாராம். அரக்குச் சிவப்பில் ஒரு சேலையை விரித்து விலை சொன்னார். அப்பாவிடம் இருந்த பணத்துக்குள் அது அடங்கிவிடும், எனக்கே தெரியும். ஆனாலும் சின்ன முதலாளியே நேரில் நின்று பேசுகிறாரே என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

சின்ன முதலாளி, பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்த, அவர் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் வயதான ஊழியரிடம் திரும்பினார். "பாத்தீங்களா நானா, கையக் கட்டிட்டாரு. வெல புடிக்கல்லண்டு அர்த்தம்."

அந்த ஊழியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யார் கேட்டது? விலை இறங்கியது. அப்பா கையை இன்னும் இறுக்கிக்கொண்டு தலை குனிந்தார். முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாரே, வேறு கடையில் விலை கேட்டுவிட்டு வந்திருக்கிறார் போல என்று சின்ன முதலாளி மறுபடியும் இறக்கினார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது, குரலும் உயர்ந்துவிட்டது. அப்பா பயந்து ஓரடி பின்னால் போனதுதான் தாமதம், "அண்ணே, போயிராதீங்க!" என்று மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். அப்பா இன்னும் ஓரடி பின்னால் போனார். கடைசியில் ரவிக்கைத் துணியும் இனாமாகச் சேர்ந்தது. "இதுக்கு மேல ஏலாது அண்ணே, வாப்பா ஏசுவாரு" என்றபோது அவர் கிட்டத்தட்ட கெஞ்சினார்.

"சரிங்க ஐயா" என்றார் அப்பா. அவ்வளவு நேரத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

அடேயப்பா, எனக்குப் பெருமை தாங்கவில்லை! கையைக் கட்டினால் விலை இறங்கும், கண்ணைத் தாழ்த்தினால் இன்னும் இறங்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? இவ்வளவு பெரிய வித்தையை வைத்துக்கொண்டு தினமும் துரை முன்னால் நிற்கிற மனுஷனுக்குச் சம்பளம் மட்டும் ஏன் ஏறவே இல்லை என்றுதான் விளங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் ஹாலிஎல பஸ்ஸில் அப்பா சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பொண்ணு வீட்டார் இனி வாயைத் திறக்க முடியாது, அவ்வளவு நல்ல சேலை. நான் அவரை விடாமல் புகழ்ந்துகொண்டே வந்தேன். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் குனிந்து, அடுத்த சீட்டுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"சின்ன மொதலாளி ஏன் பாப்பா நம்ம மேல அவ்வளவு கோவப்பட்டாரு? நான் ஏதும் தப்பா நின்னுட்டேனா?"

அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து, பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.