வட்டக்கரையும் ஒரு வாளித் தண்ணீரும்

தொல்லியல் துறையில் மண்ணைத் தோண்டிச் சம்பளம் வாங்குகிறவனிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, புதையல் கிடைச்சுதா என்பதுதான். இல்லை என்றால் நம்பாது. ஆமாம் என்றால் வேலை போய்விடும். வெயிலில் நின்று மேலதிகாரிக்குப் பதில் சொல்லும் உத்தியோகம் எதில் நீங்கள் இருந்தாலும், என் பாடு உங்களுக்குப் புரியும்.

கெடு

வடக்கனந்தல் பக்கம் ஒரு கொல்லையில் ஆளுயரத்துக்கு வட்டமாக ஒரு மண்கரை. எழுத்தே தோன்றாத காலத்து ஜனங்கள் எழுப்பிய காவல்கரை என்பது என் கட்சி. தானாகக் குவிந்த மேடு என்பது மேலதிகாரியின் கட்சி. கரையை ஒட்டி அகழி இருந்துவிட்டால் நான் ஜெயித்தேன். அங்கே வெட்டிய மண்ணைத்தானே கரையாகக் கொட்டியிருப்பார்கள்!

நிலத்துக்காரர் கோவிந்தன் நல்ல மனுஷர். ஆனால் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பேன், சனிக்கிழமை பொக்லைன் வந்து கரையை நிரவிவிடும் என்று சொல்லிவிட்டார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

"நீங்க பழசத் தேடிக்கினு இருங்க சார். நான் இந்த வருஷம் மரவள்ளி நடணும்."

நடு மண்

கரையை ஒட்டி நாலு நாள் வெட்டினோம். குழியின் சுவர் மேலிருந்து கீழே ஒரே நிறம், காய்ந்த செம்மண். அகழியைக் காணோம். எனக்கு அழுகை வராத குறை.

கூலிக்கு வந்தவர்களில் பச்சையம்மா நூறுநாள் வேலையில் ஏரி, குளமெல்லாம் வெட்டியவர். ஓரத்து மண் கெட்டி, நடு மண் பொதபொதன்னு இருக்கு, எவனோ வெட்டி அப்புறம் தூர்ந்துபோன பள்ளம் இது என்றார். அதை வைத்து அறிக்கை எழுத முடியாதும்மா, கண்ணுக்குத் தெரியணும் என்றேன்.

"கண்ணு இன்னாத்துக்கு சார்? வெட்டுறது கைதானே?"

வரவேற்பு

வெள்ளிக்கிழமை காலை. மேலதிகாரி வருகிற நேரம். போய்ப் பார்த்தால், பச்சையம்மா குழிக்குள் வாளியோடு நின்று சுவரெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்! பெரிய ஆபீசர் வரும் இடத்தில் புழுதி பறக்கக் கூடாதாம். சுவரைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன் என்று கத்தித் தீர்த்துவிட்டேன்.

கத்தி முடித்து நிமிர்ந்தேன். ஈரச் சுவரில், சிவப்பு மண்ணுக்கு நடுவே, பெரிய வாணலி மாதிரி கறுப்பாக ஒரு பள்ளத்தின் வடிவம். அகழி! காய்ந்த சுவரை ஈரமாக்கிப் பார், மண்ணின் நிற வித்தியாசம் தெரியும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பதற்றத்தில் எனக்கு அது மறந்தே போயிருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

மேலதிகாரி வந்தார், பார்த்தார், மேலே நின்றபடியே போட்டோ எடுத்துக்கொண்டார். கோவிந்தன்தான் குழிக்குள் இறங்கி, கறுப்பு மண்ணை விரலில் நசுக்கி, கரையையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பொக்லைன்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார்.

"மிஷினு இல்லாம இம்மாம் மண்ண அள்ளிப் போட்டிருக்கானுங்க சார். கெழங்க நான் அந்தாண்ட நட்டுக்கிறேன்."

அறிக்கையில் அகழியைக் கண்டுபிடித்தவர் பச்சையம்மா என்று எழுதினேன். கையாண்ட முறை என்ற இடத்தில் 'வாசல் தெளித்தல்' என்று போடத்தான் மேலதிகாரி விடவில்லை.