அம்மாவின் முதுகில் ஏறி நின்ற நாள்

நான் கால் முந்திப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் தொட்டால் இடுப்புப் பிடிப்பு விடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் வந்து குப்புறப் படுப்பார்கள். இடது காலால் மூன்று முறை லேசாகத் தொட்டு எடுப்பேன். பதினொன்றாம் வகுப்பில் சயின்ஸ் குரூப் கிடைத்ததும் அதை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இனி இது என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். அந்த ஐப்பசியில் இடுப்பில் பிடித்த வலி, இடது தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கியது. இருமினால்கூட உதட்டைக் கடித்துக்கொள்வாள். தைலத்துக்கும் ஒத்தடத்துக்கும் அது அடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் குப்புறப் படுத்துவிட்டாள்.

“ஏட்டி, வந்து மிதி.”

“அதெல்லாம் சும்மா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்மா.”

“ஊருக்கெல்லாம் மிதிச்சவளுக்குப் பெத்தவ முதுகுன்னா கால் கூசுதோ?”

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அத்தை சிரித்தாள். “கலெக்டர் காலுல்லா மதினி, மனு எழுதிக் குடு.”

எனக்குச் சுருக்கென்றது. உயிரியல் புத்தகத்தின் முதுகெலும்புப் படம் எனக்கு மனப்பாடம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகள். சும்மா தொட்டால் என்ன ஆகும்? விலகிய எலும்பை அழுத்தினால்தானே உள்ளே போகும்? அம்மாவின் இடுப்பில் இரண்டு காலையும் வைத்து, முழு எடையோடு ஏறி நின்றேன்.

அவள் கத்தவில்லை. மூச்சு மட்டும் ஒரு கணம் நின்று வந்தது.

சுவரைப் பிடித்து எழுந்து, “தேவலைட்டி” என்று சொல்லி நடந்தாள். இடது பாதம் தப்பென்று தரையில் விழுந்தது. மறுபடியும் தப். கட்டைவிரல் மேலே எழவே இல்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள். டாக்டரிடம் முதல் வார்த்தையாக, “எம் மக சயின்ஸ் படிக்காய்யா” என்றாள். அவர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, இடது பாதத்தில் ஊசி முனையை வைத்தார்.

“தெரியுதா?”

“தெரியுதுங்கய்யா.”

அவர் கேட்பதற்கு முன்பே ஊசியை எடுத்துவிட்டிருந்தார்.

“யாரும் நீவுனாங்களா? மிதிச்சாங்களா?”

“இல்லைய்யா. தண்ணிக் குடம் தூக்குனேன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பேசாதே என்ற பார்வை. பேசாமல் இருந்திருக்கலாம்.

“நான்தான் சார். ரெண்டு காலையும் வச்சு ஏறி நின்னேன். எலும்பை உள்ளே தள்ள.”

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “எலும்பு எங்கயும் போகலைம்மா. ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு. அது பிதுங்கி நரம்பை அழுத்துது. நீயும் சேர்ந்து அழுத்தியிருக்கே.” பிறகு சொன்னார்: “பாரம் தூக்கக் கூடாது. ஒண்ணுக்கு வராம நின்னுபோனா அந்த நிமிஷமே கூட்டிட்டு வா. மூணு வாரத்துல விரல் எழலைன்னா மதுரைக்கு எழுதித் தாரேன், ஆபரேஷனுக்கு. அப்பவும் கால் பழையபடி வரும்னு சொல்ல முடியாது.”

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சீறினாள். “உன்னை யாருட்டி கேட்டா? பெருமையாச் சொல்லி வாய் மூடலை, அதுக்குள்ள போட்டு உடைச்சிட்ட.”

தினமும் பள்ளிக்குப் போகுமுன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, கட்டைவிரலை மேலிருந்து என் விரலால் அழுத்திப் பிடிப்பேன். “மேலே தள்ளும்மா.” அவள் முகம் சிவக்கும். விரல் கிடந்தபடியே கிடக்கும். ஒண்ணுக்குப் போனாளா என்று கேட்டுவிட்டுத்தான் பையை எடுப்பேன். வகுப்பில் அந்த முதுகெலும்புப் படம் இருந்த பக்கத்தைத் திறக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் பாதி போயிருந்தது. அன்றும் “தள்ளு” என்றேன். என்னவோ முட்டியது போல இருந்தது. நம்பாமல் இன்னும் பலமாக அழுத்தினேன். மறுபடியும் முட்டியது.

“ஏட்டி, நகத்தை எடு. வலிக்குல்லா!”

நான் எடுக்கவில்லை. செத்த நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.